247 எழுத்தும் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்: பர்மாவின் கோடைத் தமிழ் வகுப்பில் சின்னப் பிள்ளைகளை எழுத வைக்க ஒரு முழு வழிகாட்டி

ரங்கூன், மோல்மேன், தட்டோன், பெகு என்று எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும் நம் கோடை வகுப்புகள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் நடக்கின்றன. பர்மியப் பள்ளியில் பரீட்சை முடிந்து லீவு விட்டதும் கோயில் மண்டபத்தில் பாய் விரித்து, 5 வயதுப் பிள்ளையிலிருந்து 11 வயதுப் பிள்ளை வரை எல்லாரையும் ஒன்றாக உட்கார வைத்து 'அ'வில் ஆரம்பிக்கிறோம். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. தினமும் ஒரு வரிசை, ஒவ்வோர் எழுத்தும் பத்துத் தடவை. ஏப்ரல் நடுவில் தின்ஜானும் (பர்மியத் தண்ணீர்த் திருவிழா) புத்தாண்டும் வந்து ஒரு வாரத்தைக் கொண்டுபோய்விடும். 'ப' வரிசையையோ 'ம' வரிசையையோ தொடும்போது ஜூன் பிறந்து பள்ளி திறந்துவிடும். அடுத்த கோடையில் மறுபடியும் 'அ'. இப்படி மூன்று நான்கு கோடை வந்துபோன பிள்ளை 'ஙௌ' வரை அழகாக எழுதும், ஆனால் பாட்டிக்கு இரண்டு வரி எழுதச் சொன்னால் திகைத்து நிற்கும்.

இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. 1960களின் நடுவில் தனியார் பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்ட பிறகு தமிழ் கோயிலுக்கும் வீட்டுத் திண்ணைக்கும் வந்து சேர்ந்தது. சம்பளமில்லாமல், பயிற்சியில்லாமல், தான் படித்த மாதிரியே சொல்லிக்கொடுத்த அக்காக்களும் அண்ணன்களும்தான் இத்தனை வருடம் அதைக் காப்பாற்றி வைத்தார்கள். அவர்கள் வைத்த அடித்தளத்தின் மேல் நாம் இன்னொன்றைச் சேர்க்கலாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். பிள்ளையிடம் சொல்ல ஒரு சேதி இருக்கிறது, அதைக் கேட்க ஓர் ஆள் இருக்கிறார் என்றால் முதல் நாளிலேயே எழுத ஆரம்பிக்கலாம். எழுத்துகள் கூடவே வரும். பார்த்து எழுதுவது கைக்குப் பயிற்சி, அது வேண்டும், ஆனால் அது மட்டுமே எழுதுவது ஆகிவிடாது.

வகுப்பு தொடங்கும் முன்

பெரிய செலவு ஒன்றும் இல்லை. ஆளுக்கு ஒரு நோட்டு, மேல் பாதி கோடில்லாமல், கீழ்ப் பாதி அகலமான கோடு போட்டு. கடையில் இப்படிக் கிடைக்காவிட்டால் வெள்ளைத் தாளை மடித்துத் தைத்து ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுவிடலாம். பென்சில் குட்டையாக இருக்கட்டும். சின்னக் கைக்கு நீளப் பென்சில் பாரம். அழிரப்பர் வேண்டாம் என்பது என் கட்சி. ரப்பர் கையில் இருந்தால் பிள்ளை ஒரு வரியை ஐந்து தடவை அழித்து, தாளைக் கிழித்து, சொல்ல வந்ததை மறந்துவிடும். தப்பாகப் போனால் ஒரு கோடு போட்டுவிட்டுப் பக்கத்தில் எழுதட்டும், நமக்கும் அது எப்படி யோசித்தது என்று தெரியும். ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் தேதி இருக்கவேண்டும், இதை மட்டும் முதல் நாளிலிருந்தே கட்டாயமாக்குங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

சுவரில் 247 எழுத்து அட்டையைத் தொங்கவிடுவதைவிட, பிள்ளைகளின் பெயர் அட்டைகளை ஒட்டுவது பயன் தரும். அதைப் பற்றித்தான் முதல் படி.

படி 1: பெயரில் தொடங்குங்கள்

நம் பிள்ளைகளில் பல பேருக்கு இரண்டு பெயர். பள்ளியில் பர்மியப் பெயர், வீட்டில் தமிழ்ப் பெயர். இரண்டையும் தமிழில் எழுதி, பெரிய எழுத்தில் அட்டையாக்கிக் கொடுங்கள். எந்தப் பெயரில் தன்னைக் கூப்பிடவேண்டும் என்று பிள்ளையே சொல்லட்டும். முதல் வாரம் முழுக்க வருகைப் பதிவே இந்த அட்டைதான்: உள்ளே வந்ததும் தன் அட்டையைத் தேடி எடுத்து, பார்த்து ஒரு தடவை நோட்டில் எழுதிவிட்டு, பலகையில் மாட்டவேண்டும்.

முருகன் என்று ஒரு பிள்ளை இருந்தால் 'மு' அவனுடைய எழுத்து. அதே 'மு'வை 'முட்டை'யில் பார்த்ததும் "டீச்சர், என் எழுத்து!" என்று கத்துவான். இருபது பிள்ளைகளின் பெயர்கள் சுவரில் இருந்தால் பாதிக்கு மேல் மெய்யும் முக்கியமான உயிர்க்குறிகளும் அங்கேயே வந்துவிடும், ஒவ்வொன்றுக்கும் சொந்தக்காரரும் இருப்பார். 'கா' எப்படி எழுதுவது என்று ஒரு பிள்ளை கேட்டால், "காமாட்சி அட்டைய போய்ப் பாரு" என்று சொன்னால் போதும்.

படி 2: முதலில் பேச்சு

நோட்டைத் திறப்பதற்கு முன் பத்து நிமிடம் பேசவேண்டும். வாயில் வராத கதை பென்சிலில் வராது. ஆனால் "எதைப் பத்தியாவது பேசு" என்றால் யாரும் பேசமாட்டார்கள். அதுவும் பர்மியப் பள்ளியில் கட்டுரையை மனப்பாடம் செய்து எழுதிப் பழகிய பெரிய பிள்ளைகள் "போர்டுல எழுதிப் போடுங்க டீச்சர், நாங்க பார்த்து எழுதறோம்" என்றுதான் சொல்வார்கள். அந்தப் பழக்கத்தை மெதுவாகத்தான் உடைக்க முடியும்.

அதற்கு நல்ல வழி, நீங்களே உங்கள் வாழ்க்கையிலிருந்து ஒரு சின்ன சேதியைச் சொல்வது. "நேத்து கரண்ட் போச்சு. மெழுகுவத்திய தேடறப்ப பூனை வாலை மிதிச்சிட்டேன்." அவ்வளவுதான். உடனே பத்துக் கை எழும்பும், எல்லார் வீட்டிலும் கரண்ட் போயிருக்கும், ஏதாவது ஒன்று நடந்திருக்கும். இப்போது இரண்டிரண்டு பேராகத் திரும்பி உட்காரச் சொல்லுங்கள். ஒருவர் சொல்ல, மற்றவர் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்கவேண்டும். பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

பெரிய தலைப்பாகக் கொடுக்காதீர்கள். 'என் நாடு', 'என் பள்ளி', 'பசு' எல்லாம் பிள்ளையை வாயடைக்கும். 'தின்ஜானில் யார் என்னை முதலில் நனைத்தார்கள்', 'சைக்காவில் (சைக்கிள் ரிக்ஷா) போகும்போது மழை வந்தது', 'தீமிதி அன்றைக்கு அப்பாவின் கால்', 'மோகிங்காவில் (மீன் குழம்பு நூடுல்ஸ்) எனக்குப் பிடித்தது எது, தள்ளிவைப்பது எது' இப்படி ஒரு நிமிடத்துக்குள் நடந்த ஒன்றைக் கேளுங்கள். பிள்ளை பர்மிய வார்த்தையைக் கலந்து பேசினால் நிறுத்தாதீர்கள். தமிழில் அதற்குச் சொல் இருந்தால் நீங்கள் பதில் சொல்லும்போது அந்தச் சொல்லைப் போட்டுப் பேசுங்கள், பிள்ளை பிடித்துக்கொள்ளும். மோகிங்காவுக்கும் தனாக்காவுக்கும் (முகத்தில் பூசும் மரப்பட்டைச் சாந்து) தமிழ்ச் சொல் தேடி அலையவேண்டாம், அப்படியே தமிழ் எழுத்தில் எழுதட்டும்.

படி 3: படம்

மேல் பாதியில் படம். ஐந்தாறு நிமிடம், பென்சிலில் மட்டும். வண்ணம் கொடுத்தால் வகுப்பு முழுக்க வானத்துக்கு நீலம் அடிப்பதிலேயே போய்விடும். இந்தப் படம் அலங்காரத்துக்கு இல்லை, பிள்ளை சொல்லப்போவதை நினைவில் பிடித்து வைப்பதற்கு. 5 வயதுப் பிள்ளைக்குப் படமே முக்கால்வாசி எழுத்து. படத்தில் இருக்கிற ஆள் யார், கையில் என்ன, எங்கே நிற்கிறார் என்று கேட்டால் அதற்குள்ளேயே மூன்று வாக்கியம் இருக்கும்.

படி 4: தெரிந்த எழுத்தை வைத்து எழுதுவது

பெரும்பாலான ஆசிரியர்கள் தயங்குவது இங்கேதான். "பத்து எழுத்துதான் தெரியும், எப்படி எழுதும்?" எழுதும். வழி இதுதான்: பிள்ளை சொல்ல வந்த வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லி, எத்தனை சொல் என்று விரலில் எண்ணவேண்டும். பிறகு ஒவ்வொரு சொல்லையும் மெதுவாக இழுத்துச் சொல்லி, கேட்கிற ஒலிக்குத் தெரிந்த எழுத்தைப் போடவேண்டும். தெரியாத இடத்தில் ஒரு சின்னக் கோடு. 'உருண்டை' என்பதில் 'உ'வும் 'ரு'வும் மட்டும் தெரிந்தால் 'உரு_ _' என்று எழுதிவிட்டு மேலே போகலாம். கோடு போட்ட இடம் பிள்ளைக்கு ஒரு ஒலி இருக்கிறது என்று தெரிந்திருப்பதற்கு அடையாளம், அதைப் பாராட்டுங்கள்.

வயது வாரியாக ஒரே மாதிரி எதிர்பார்க்கக்கூடாது. ஒரு பிள்ளை கிறுக்கும், ஆனால் கிறுக்கியதை விரல் வைத்து இடமிருந்து வலமாக 'வாசித்து'க் காட்டும், அதுவும் எழுத்தாளர்தான். இன்னொரு பிள்ளை எழுத்து மாதிரி சில வடிவங்கள் போடும். அடுத்தது சொல்லுக்கு ஒரு எழுத்து, பிறகு அசைக்கு ஒரு எழுத்து. தமிழில் ஓர் உயிர்மெய்யே ஓர் அசையைப் பிடித்துவிடுவதால் இந்தக் கட்டத்திலேயே வாசிக்கக்கூடிய சொற்கள் வந்துவிடும்: 'பல', 'மரம', 'படம'. புள்ளி பிறகு வரும்.

நீங்கள் செய்யக்கூடாத ஒன்று, பிள்ளை கேட்டதும் எழுத்துக்கூட்டிச் சொல்லிக்கொண்டே இருப்பது. ஒரு பிள்ளைக்குச் சொன்னால் இருபது பேரும் வரிசையில் நிற்பார்கள், நீங்கள் நடமாடும் அகராதி ஆகிவிடுவீர்கள். "சொல்லிப் பாரு, என்ன கேக்குது?" என்று திருப்பிக் கேளுங்கள். பெயர் அட்டையைக் காட்டுங்கள். இரண்டு நாள் முணுமுணுப்பார்கள், மூன்றாவது நாள் பழகிவிடும்.

படி 5: எழுத்து கற்பித்தல், பர்மிய எழுத்தின் தோளில் ஏறி

எழுதவிடுவது என்றால் எழுத்தைச் சொல்லிக்கொடுக்காமல் விடுவது என்று யாரும் எடுத்துக்கொள்ளவேண்டாம். தினமும் பதினைந்து நிமிடம் எழுத்துக்கு வேண்டும். ஆனால் அகர வரிசையில் போகவேண்டிய கட்டாயம் இல்லை. ட, ப, ம, ய மாதிரி நேர்கோடும் ஒரு வளைவும் உள்ள எழுத்துகள் முதலில். இவற்றை வைத்தே 'படம்', 'பட்டம்', 'மடம்' வந்துவிடும். அடுத்து க, த, ர, ல. கூடவே 'ா' குறியும் புள்ளியும். பத்து மெய்யும் மூன்று நான்கு குறியும் கையில் வந்தால் பிள்ளை எழுதாத வாக்கியம் இல்லை. 'ஔ'வுக்கும் 'ஙௌ'வுக்கும் அவசரமே இல்லை.

நம் பிள்ளைகளிடம் ஒரு பெரிய சொத்து இருக்கிறது, அதை நாம் எடுத்துப் பயன்படுத்துவதே இல்லை. அவர்களுக்குப் பர்மிய எழுத்து தெரியும். 33 மெய்யெழுத்தும், அதைச் சுற்றி மேலே கீழே முன்னே பின்னே ஒட்டும் உயிர்க்குறிகளும் பள்ளியிலேயே பழகியிருக்கும். தமிழ் எழுத்தும் அதே குடும்பத்துப் பிள்ளைதான், இரண்டும் பிராமியிலிருந்து கிளைத்தவை. தமிழ்நாட்டு ஆசிரியர்கள் திண்டாடுகிற சில இடங்கள் நமக்கு இதனால் மிகவும் சுலபம்.

'கெ', 'கே' என்பதில் கொம்பு முன்னால் வருகிறதே, ஒலி பின்னால் வருகிறதே என்று சின்னப் பிள்ளைகள் குழம்புவார்கள். பர்மியத்தில் 'தவேதோ' குறியும் மெய்க்கு முன்னால்தான் எழுதப்படுகிறது, ஒலிப்பது பின்னால்தான். "தவேதோ மாதிரி" என்று ஒரு வார்த்தை சொன்னால் பிள்ளை புரிந்துகொள்ளும். அதேபோல், தவேதோவும் பின்னால் 'யேச்சா'வும் சேர்ந்து ஒரு மெய்யை இரண்டு பக்கமும் அணைத்துக்கொள்வதைப் பார்த்த பிள்ளைக்கு 'கொ', 'கோ' ஆச்சரியமாக இருக்காது. தமிழ்ப் புள்ளிக்கும் அங்கே ஜோடி உண்டு: மெய்யின் உயிரை எடுத்துவிடும் 'அதத்' குறி, அதுவும் எழுத்தின் தலைக்கு மேலேதான் உட்காரும். வாக்கிய அமைப்பிலும் இந்த ஒற்றுமை தொடர்கிறது. பர்மியத்திலும் யார், எதை, என்ன செய்தார் என்ற வரிசைதான், வினை கடைசியில்தான். பிள்ளையின் வாக்கியம் ஏற்கனவே சரியான வரிசையில் தலைக்குள் இருக்கிறது.

வித்தியாசமான இடங்களையும் நேராகச் சொல்லிக்கொடுங்கள். பர்மியத்தில் சொல்லுக்குச் சொல் இடம் விடுவதில்லை, ஒரு சொற்றொடர் முடிந்த பிறகுதான் இடைவெளி. அதனால் நம் பிள்ளைகள் 'நான்கடைக்குபோனேன்' என்று ஒரே மூச்சில் எழுதுவார்கள். சோம்பேறித்தனம் இல்லை, வேறொரு முறையை ஒழுங்காகப் பின்பற்றுகிறார்கள். ஒவ்வொரு சொல்லுக்குப் பிறகும் இடது கைச் சுண்டுவிரலை வைத்து இடம் விடச் சொல்லுங்கள். வாக்கிய முடிவில் இரண்டு நெட்டைக் கோடு போட்டால், "தமிழ்ல ஒரு சின்னப் புள்ளி போதும்" என்று காட்டுங்கள். பர்மியத்தில் ka, kha, ga என்று வெவ்வேறு ஒலிக்கு வெவ்வேறு எழுத்து இருப்பதால், 'கடை'யில் ஒரு மாதிரியும் 'தங்க'த்தில் வேறு மாதிரியும் கேட்கிற 'க'வுக்கு ஏன் ஒரே எழுத்து என்று கூர்மையான பிள்ளை கேட்கும். "தமிழ்ல எடத்தைப் பொறுத்து ஒலி மாறும், எழுத்து மாறாது" என்று சொல்லிவிடுங்கள், அதுதான் உண்மை.

வினைமுற்று இன்னொரு இடம். பர்மியத்தில் நான், நீ, அவள் யாராக இருந்தாலும் வினைச்சொல் மாறாது. வீட்டில் தமிழ் குறைவாகப் பேசுகிற பிள்ளை 'அக்கா போச்சு', 'நான் சாப்பிட்டுச்சு' என்று எழுதும். இதற்கு இலக்கணப் பாடம் எடுக்கவேண்டாம். கூட்டு எழுத்தில் (அடுத்த படி) தினமும் காதில் விழுந்தால் தானாகச் சரியாகும்.

'ங' எழுத்துக்கு ஒரு தனிக் குறிப்பு. தமிழ்நாட்டு அரிச்சுவடியில் 'ங'வுக்குச் சொல் கிடைக்காமல் அதைத் தாண்டிப் போவார்கள். நம் பிள்ளைக்கு அது தினசரி எழுத்து: ஙப்பி (மீன், இறால் விழுது). வீட்டில் நாப்பி என்று சொன்னாலும் பள்ளியில் ஙப்பிதானே. படத்தோடு சுவரில் ஒட்டுங்கள்.

கை விஷயத்தில் இரண்டு வரி. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றாலும் பிடிக்கவேண்டும், ஆனால் 5 வயதில் பிடி சரியாக வராவிட்டால் அடித்துத் திருத்தவேண்டாம். மணலில் எழுதுவது, ஈரத் துணி பிழிவது, கல்லில் தனாக்கா உரைப்பது எல்லாம் மணிக்கட்டுக்கு நல்ல வேலை. இடதுகைப் பிள்ளையை இடது கையிலேயே எழுதவிடுங்கள், தாளின் மேல்பக்கம் சற்று வலப்பக்கம் சாய்ந்திருந்தால் எழுதியதைக் கை மறைக்காது.

படி 6: கூட்டு எழுத்து

வாரத்தில் மூன்று நாளாவது போர்டில் எல்லாரும் சேர்ந்து 'இன்றைய சேதி' எழுதுங்கள். சேதி பிள்ளைகளுடையது, சாக்கட்டி மாறி மாறிக் கைமாறும். "மண்டபத்துல நாய் குட்டி போட்டிருக்கு" என்று ஒருவர் சொன்னால், "இதை எழுத்துல எப்படி எழுதலாம்?" என்று கேட்டு, 'மண்டபத்தில் நாய் குட்டி போட்டிருக்கிறது' என்று எல்லாரும் சொல்லி, சொல்லை எண்ணி, ஆளுக்கு ஒரு எழுத்தாக வந்து போடவேண்டும். சின்னப் பிள்ளை 'ம' போடும், பெரிய பிள்ளை 'ண்ட' போடும். எழுத்தாளர் என்ன யோசிக்கிறார் என்பதை நீங்கள் சத்தமாகச் சொல்லிக் காட்டுவது இங்கேதான்: "எத்தனை குட்டின்னு சொல்லலையே, படிக்கிறவங்க கேப்பாங்களே."

பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் இடையில் உள்ள பாலம் இதுதான். தன் நோட்டில் பிள்ளை பேசுகிற மாதிரியே எழுதட்டும், முதல் கோடை முழுக்க எழுதட்டும். 'போனேன்', 'போட்டிருக்கிறது' எல்லாம் போர்டிலிருந்து மெல்ல நோட்டுக்கு இறங்கும். கதையில் ஆட்கள் பேசுகிற வரி என்றைக்குமே பேச்சுத் தமிழில் இருக்கலாம், அதை மாற்றச் சொல்லாதீர்கள்.

படி 7: பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது

பிள்ளைகள் எழுதுகிற இருபது நிமிடமும் நாற்காலியில் உட்காராதீர்கள். பாயில் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்காருங்கள். ஒரு நாளைக்கு ஐந்து பிள்ளை, ஆளுக்கு மூன்று நான்கு நிமிடம். முழு வகுப்பும் வாரத்துக்குள் முடிந்துவிடும்.

ஓர் உதாரணம் போட்டுக் காட்டுகிறேன். தின்ஜான் முடிந்து 6 வயதுப் பிள்ளை இப்படி எழுதியிருக்கிறது என்று வையுங்கள்:

'அகா குடுத உருண்டல மெளகா இருந்துசு'

தின்ஜானில் செய்கிற மோன்லோன்யேபோ உருண்டையில் வெல்லத்துக்குப் பதில் பச்சைமிளகாயை ஒளித்துவைத்து ஏமாற்றுவார்களே, அதுதான் சேதி. சிவப்புப் பேனா இந்த வரியில் ஐந்து வட்டம் போடும். நீங்கள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு முதலில் வாசியுங்கள், பிள்ளைக்குக் கேட்கிற மாதிரி.

"அய்யோ, மொளகாயா! அப்புறம் என்ன பண்ணினே?"

"தண்ணி குடிச்சேன். அக்கா சிரிச்சிச்சு. நான் அழல."

"அழலையா! அதை எழுதலையே, எனக்கு அதான் தெரிஞ்சுக்கணும்னு இருந்துச்சு. எங்க சேர்க்கலாம்?"

இவ்வளவுதான் முதல் பாதி. பிள்ளைக்குத் தான் எழுதியது ஒருவருக்குப் போய்ச் சேர்ந்தது என்று தெரிந்துவிட்டது, இன்னும் எழுதக் காரணமும் கிடைத்துவிட்டது. அடுத்த பாதியில் ஒரே ஒரு விஷயம். இந்த வரியில் பிள்ளைக்குத் தெரிந்தது எவ்வளவு என்று பாருங்கள்: சொல்லுக்கு இடம் விட்டிருக்கிறது, 'ண்'டில் புள்ளி போட்டிருக்கிறது, உயிர்க்குறிகள் பெரும்பாலும் சரி. விடுபட்டது ஒரே வகை, இரட்டிக்கும் ஒற்று. 'அக்கா', 'குடுத்த', 'இருந்துச்சு' மூன்றிலும் அதேதான். அதனால் 'அக்கா'வை மட்டும் எடுத்து, கை தட்டி, அக்... கா என்று நிறுத்திச் சொல்லிக் காட்டுங்கள். நடுவில் நாக்கு நிற்கிறதே, அங்கே ஒரு புள்ளி வைத்த எழுத்து ஒளிந்திருக்கிறது. பிள்ளையே 'க்'கைச் சேர்க்கும். 'குடுத'வையும் அதுவே கண்டுபிடித்தால் சந்தோஷம், கண்டுபிடிக்காவிட்டால் நாளைக்கு. 'மெளகா'வை இன்று தொடாதீர்கள்.

எழுதி முடித்தபின் உங்கள் சின்ன நோட்டில் ஒரு வரி: பிள்ளையின் பெயர், தேதி, இன்று சொல்லிக்கொடுத்தது. இது இல்லாவிட்டால் அடுத்த வாரம் அதே பாடத்தைத் திரும்ப எடுப்பீர்கள்.

படி 8: பிழை திருத்தம்

எல்லாப் பிழையையும் திருத்தினால் பிள்ளை தனக்கு உறுதியாகத் தெரிந்த சொல்லை மட்டும் எழுதும். 'மோன்லோன்யேபோ' போய் 'இது பட்டம்' வந்துவிடும். ஏற்கனவே சொல்லிக்கொடுத்ததை மட்டும் திருத்துங்கள், சொல்லிக்கொடுக்காததைக் கண்டும் காணாமல் விடுங்கள்.

ல-ள-ழ, ன-ண-ந, ர-ற மூன்றும் எல்லா ஊரிலும் தொல்லைதான், நமக்குக் கொஞ்சம் கூடுதல். பர்மியத்தில் பாலிச் சொற்களுக்கென்று தனி 'ண'வும் 'ள'வும் எழுத்தில் இருக்கின்றன, ஆனால் ஒலிப்பதில் வித்தியாசம் இல்லை. அதனால் பிள்ளையின் காது பிரித்துக் கேட்டுப் பழகவில்லை. வாய் திருந்தாமல் எழுத்து திருந்தாது. 8 வயதுக்கு மேல் ஜோடிச் சொற்களாக எடுத்து, நாக்கு எங்கே படுகிறது என்று தொட்டுப் பார்க்கச் சொல்லி, வாரத்துக்கு ஒரு ஜோடி: பல்லி-பள்ளி, மனம்-மணம், கரி-கறி. அதற்குக் கீழே உள்ள பிள்ளைகளை இதில் இழுக்கவேண்டாம்.

படி 9: எழுதியதை யாராவது படிக்கவேண்டும்

வகுப்பு முடிய பத்து நிமிடம் இருக்கும்போது இரண்டு பிள்ளைகள் எழுந்து வாசிக்கட்டும். கேட்பவர்கள் 'நல்லா இருக்கு' என்று சொல்லக்கூடாது, கதையில் தனக்குப் பிடித்த ஒரு விஷயத்தைச் சொல்லவேண்டும், அல்லது ஒரு கேள்வி கேட்கவேண்டும்.

இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை, எழுதியதில் ஒன்றைப் புத்தகமாக்குங்கள். ஒரு ஏ4 தாளை நீளவாக்கில் ஒரு தடவை, குறுக்கில் இரண்டு தடவை மடித்துப் பிரித்தால் எட்டுக் கட்டம். குறுக்காக ஒரு தடவை மட்டும் மடித்து, மடிப்புப் பக்கத்திலிருந்து நடுக்கோட்டில் அடுத்த மடிப்பு வரை வெட்டுங்கள். பிரித்து, நீளவாக்கில் மடித்து, இரண்டு ஓரத்தையும் உள்ளே தள்ளினால் நடுவில் பிளவு விரியும், சுற்றி மடக்கினால் எட்டுப் பக்கப் புத்தகம். தைக்கவும் வேண்டாம், பின் அடிக்கவும் வேண்டாம். அட்டையில் தலைப்பும் எழுதியவர் பெயரும் இருக்கவேண்டும். புத்தகத்துக்குப் போகும் பிரதியில் மட்டும் நீங்கள் பிழை திருத்தி உதவலாம், ஏனென்றால் வெளி ஆட்கள் படிக்கப்போகிறார்கள். இதைப் பிள்ளைகள் நன்றாகவே புரிந்துகொள்கிறார்கள்.

பெரிய பிள்ளைகள், சின்னப் பிள்ளைகள் படிப்பதற்கென்று புத்தகம் எழுதலாம். ஐந்து வயதுப் பிள்ளைக்கு எந்த எழுத்து தெரியும் என்று யோசித்து எழுதும்போது பெரிய பிள்ளையின் கவனம் கூர்மையாகிறது. கலப்பு வயது வகுப்பு நமக்கு ஒரு வரம், அதைப் பிரித்து உட்கார வைக்காதீர்கள்.

தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதுவது 9, 10 வயதுக்கு மிக நல்ல வேலை. எந்த ஊரில் பிறந்தார்கள், வயலில் என்ன விளைந்தது, எந்தப் பள்ளியில் தமிழ் படித்தார்கள். பாட்டியே ஒரு வரி எழுதிக் கொடுத்தால் அதில் 'லை', 'னை' எழுத்துகள் துதிக்கை மாதிரி வளைந்திருக்கும், 'றா', 'னா' வேறு வடிவில் இருக்கும். பிள்ளை அதைத் தப்பு என்று சொல்லாமல் நீங்கள் முந்திக்கொள்ளுங்கள்: 1978இல் தமிழ்நாட்டு அரசு 13 எழுத்துகளின் வடிவத்தை மாற்றியது, பாட்டி படித்தது அதற்கு முன்னால். இரண்டு வடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி ஒட்டினால் பிள்ளைகள் ரொம்ப ஆர்வமாகப் பார்ப்பார்கள், பாட்டிக்கும் மரியாதை.

படி 10: பெற்றோரிடம் என்ன சொல்வது

"நோட்டுல இவ்வளவு தப்பு இருக்கே, திருத்தலையா?" என்று கேட்பார்கள். அது நியாயமான கேள்வி, கோபப்படவேண்டாம். இங்கேதான் தேதி கைகொடுக்கும். முதல் வாரப் பக்கத்தையும் ஆறாவது வாரப் பக்கத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். விளக்கம் தேவைப்படாது. அப்புறம் வீட்டில் ஒரே ஒரு உதவி கேளுங்கள்: தினமும் பிள்ளை எழுதியதைப் பிள்ளையே வாசிக்க, ஒருவர் உட்கார்ந்து கேட்கவேண்டும். தமிழ் எழுத்து தெரியாத அம்மாவும் இதைச் செய்யலாம், அவருக்குத் தெரியாததால் பிள்ளை இன்னும் தெளிவாக வாசிக்கும்.

படி 11: ஜூன் வந்த பிறகு

மழையும் பள்ளியும் ஒன்றாகத் தொடங்கும், ஞாயிறு வகுப்புக்கு ஆள் குறையும். அதற்கு முன்பே, மே மாதம், இன்னோர் ஊர் வகுப்போடு பேசி ஜோடி சேர்த்துவிடுங்கள். ரங்கூன் பிள்ளைக்கு மோல்மேனில் ஒரு பிள்ளை. மாதம் ஒரு கடிதம், நான்கு வரி போதும், மேலே ஒரு படம். எல்லாக் கடிதத்தையும் ஒரே உறையில் போட்டு, ஊருக்குப் போகிற யாரிடமாவது கொடுத்தனுப்பலாம், அவசரம் என்றால் போனில் படம் எடுத்து அனுப்பலாம். தாளில் வருவது நல்லது, பிள்ளை அதை வைத்துக்கொள்ளும். பதில் வராத கடிதம் பிள்ளையின் ஆசையைக் கெடுக்கும் என்பதால், அந்தப் பக்கம் யாராவது விட்டுவிட்டால் நீங்களே ஒரு பதில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். அடுத்த மார்ச்சில் வகுப்பு திறக்கும்போது 'அ'வுக்குப் போகாதீர்கள். கடைசியாக வந்த கடிதத்தைக் கொண்டுவரச் சொல்லி, அதற்குப் பதில் எழுதுவதிலிருந்தே ஆரம்பியுங்கள்.